முறுக்குப் பாக்கெட்டுக்குள் ஒரு வளையும் ஈர உணரி: கம்பியும் பேட்டரியும் இல்லாமல்

முறுக்கு, தட்டை, சீவல் எல்லாம் கெட்டுப்போவதற்கு வெகு முன்னாலேயே நமத்துப்போகின்றன. எண்ணெய் காறல் வாடை அடிக்க நாளாகும். சீல் ஓரத்தில் ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டால் மொறுமொறுப்பு அதற்கு முன்பே போய்விடும். மொறுமொறுப்பான தின்பண்டங்கள் பெரும்பாலும் நீர்ச்செயல்பாடு 0.35-க்கும் 0.50-க்கும் இடையில் நமத்துப்போகின்றன. மூடிய பாக்கெட்டுக்குள் காற்றின் ஈரப்பதமாகப் பார்த்தால் அது 35 முதல் 50 சதவீதம். ஆகவே இந்த உணரி 0 முதல் 100 வரை எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: உள்ளே ஈரம் 43 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா, இல்லையா? கீழே வரும் அளவு, பூச்சு, சோதனை எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத் தேர்ந்தவை.

பாக்கெட்டுக்குள் இருந்து கம்பியை வெளியே எடுக்கும் யோசனையை முதலிலேயே கைவிடுவது நல்லது. எவ்வளவு மெல்லிய கம்பியானாலும் சீலின் நடுவே அதன் இரு பக்கமும் பொடி வழி உண்டாகும். அளக்க வந்த கருவியே ஈரத்துக்கு வாசல் திறந்துவிடும். பேட்டரி வைத்த சில்லு இன்னும் மோசம், தின்பண்டத்தோடு பேட்டரியை அடைக்கக் கூடாது. மிஞ்சுவது ஒரு தட்டையான காயிலும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்று, அதாவது தனக்கென்று உள்ள ஓர் அலைவெண்ணில் மட்டும் பலமாக அதிரும் சுற்று. ஈரம் ஏறினால் மின்தேக்கம் ஏறும், ஒத்ததிர்வு அலைவெண் இறங்கும். அதை வெளியே இருந்து இன்னொரு காயிலால் படிக்கலாம். மின்தேக்கம் 10 சதவீதம் கூடினால் அலைவெண் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும்.

தாளும் அளவுகளும்

25 மைக்ரான் பாலிஇமைடு (சூடு தாங்கும் பிளாஸ்டிக்), அதன் ஒரு பக்கம் 18 மைக்ரான் செம்பு ஒட்டிய தாள். வாங்கும்போது உருட்டிப் பதப்படுத்திய செம்பா என்று கேட்டு வாங்குங்கள். மின்பூச்சால் வளர்த்த செம்பு மீண்டும் மீண்டும் வளைத்தால் சீக்கிரம் வெடிக்கும். ஓஹெச்பி தாளில் செய்தால் மலிவு என்று தோன்றும். ஆனால் அது பாலியெஸ்டர். 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், சோல்டரிங் அயர்ன் பட்டதும் சுருங்கும்.

சில்வர் மையால் வரைவது பார்க்க எளிது, ஈர உணரிக்கு அது வேண்டாம். ஈரமும் நேர்மின்னழுத்தமும் (டிசி) சேர்ந்தால் வெள்ளி மின்முனைச் சீப்பின் ஒரு விரலிலிருந்து அடுத்த விரலை நோக்கி வேர் விட்டு வளர்ந்து ஷார்ட் ஆகும். இந்தச் சுற்றில் நேர்மின்னழுத்தம் இல்லைதான். ஆனாலும் மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதே போதும், சிக்கலைத் தொடங்கிவைக்க.

காயில்: வெளிப்பக்கம் 50 மி.மீ. சதுரம், 8 சுற்று, கோடு 0.6 மி.மீ., இடைவெளி 0.6 மி.மீ. உள்ளே 32 மி.மீ. காலியிடம் கிடைக்கும். இதன் தூண்டம் (இண்டக்டன்ஸ்) கணக்குப்படி 4.8 மைக்ரோஹென்றி. நடுக் காலியிடத்தில் சீப்புபோலக் கோத்த மின்முனைகள்: 50 விரல், விரல் அகலம் 0.2, இடைவெளி 0.2, நீளம் 20 மி.மீ. பூச்சு போடுவதற்கு முன் இது 12 பிக்கோஃபாரட் அருகே வரும். காயிலின் சொந்த மின்தேக்கம் சுமார் 3 என்று வைத்துக்கொண்டால் ஒத்ததிர்வு 18, 19 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழும்.

விரல் இடைவெளியை 0.5 ஆக்கினால் வரைவது சுலபம். ஆனால் மின்புலம் அதிக உயரத்துக்குப் பரவிவிடும். மேலே பூசும் சில மைக்ரான் படலம் அந்தப் புலத்தில் கொஞ்சப் பகுதியைத்தான் நிரப்பும். நெருக்கமான விரல்தான் புலத்தைப் படலத்துக்குள் பிடித்துவைக்கும். வீட்டில் 0.2-க்குக் கீழே போனால் பாதித் தாள் வீணாகும்.

அதே தாளில், 40 மி.மீ. தள்ளி, இன்னொரு சுற்றையும் வரையுங்கள். காயில் அதே காயில், சீப்பில் மட்டும் 30 விரல். இது 23 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும். இதற்கு ஈரப் பூச்சு கிடையாது. இதை ஒப்பீட்டுச் சுற்று என்று சொல்வோம். இது ஏன் வேண்டும் என்பது பின்னால் வரும். இதை விட்டுவிட்டுச் செய்த உணரியின் எண்ணை நம்ப முடியாது.

அச்சிடுதலும் அரித்தலும்

அயர்ன் பாக்ஸ் வைத்து டோனரை மாற்றும் முறையில் 0.2 மி.மீ. சீராக வராது. வெளிச்சம் பட்ட இடம் மட்டும் இறுகி நிற்கும் டிரை ஃபிலிம் போடுங்கள். செம்பைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சோப்பும் வைத்து இலேசாகத் தேய்த்துக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெறுங்கை படக் கூடாது. தாள் மெல்லியது, ஓரங்களைச் சுற்றி டேப் ஒட்டி ஒரு வெற்று சர்க்யூட் போர்டுத் துண்டின் மேல் விறைப்பாக நிறுத்துங்கள். டிரை ஃபிலிமின் மென்மையான உள் உறையை உரித்து, செம்பின் மேல் தண்ணீர்த் தூறல் விட்டு ஒட்டி, 110 டிகிரி லேமினேட்டரில் மூன்று முறை விடுங்கள்.

தெளிந்த தாளில் அச்சிட்ட நெகட்டிவ்வில் செம்பு நிற்க வேண்டிய இடம் வெளிச்சம் போகும்படி தெளிவாகவும், மற்ற இடம் கறுப்பாகவும் இருக்கும். ஒரு பிரதியின் கறுப்பு போதாது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள், மைப்பக்கம் ஃபிலிமைத் தொட வேண்டும். நகப்பூச்சு உலர்த்தும் புறஊதா விளக்கே போதும். நேரத்தை ஊகிக்காமல் ஒரு துண்டில் 30, 60, 90, 120 விநாடி எனப் படிப்படியாக மறைத்துப் பாருங்கள். கோடு கழுவும்போது உரிந்தால் வெளிச்சம் குறைவு. விரல்களுக்கிடையே நீலப்படலம் போகாமல் நின்றால் அதிகம்.

கழுவ ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவை சோடா. ஆப்ப சோடா இதற்கு ஆகாது, இரண்டும் வேறு வேறு. மேல் உறையை உரித்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஒன்றிரண்டு நிமிடம் வருடினால் விரல்களுக்கு நடுவே பளிச்சென்று செம்பு தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழைப் படலம் மிஞ்சினாலும் அடியில் செம்பு நின்று இரண்டு விரலை இணைத்துவிடும்.

ஃபெர்ரிக் குளோரைடை 40 டிகிரிக்குச் சூடாக்கி, தாளை அசைத்துக்கொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 18 மைக்ரான் செம்பு சீக்கிரம் கரையும். கரைசல் பக்கவாட்டிலும் தின்னும், ஏறக்குறைய செம்பின் தடிமன் அளவுக்கு, 0.2 மி.மீ. விரல் 0.16-க்கு வரலாம். அதற்கு மேல் விட்டால் விரல் நுனிகள் அறும். பயன்படுத்திய கரைசலில் செம்பு இருக்கிறது, சாக்கடையில் ஊற்றக் கூடாது. மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தனியே வையுங்கள்.

மிச்சமுள்ள ஃபிலிமை 3 சதவீதக் காஸ்டிக் சோடாவில் எடுக்கலாம், ஆனால் ஓரிரு நிமிடம்தான். பாலிஇமைடு வெந்நீருக்கும் எண்ணெய்க்கும் அசையாது, காரத்துக்குத் தோற்கும். மறந்து ஊறவிட்டால் தாளே அரிபடும். அவசரம் இல்லையென்றால் அசிட்டோன் நிதானமான வழி.

பாலம் போடுவதற்கு முன் சோதனை

சீப்பின் ஒரு முதுகு காயிலின் உள்முனையோடு வரைபடத்திலேயே சேர்ந்திருக்கும். மறு முதுகையும் வெளிமுனையையும் எட்டுச் சுற்றுகளைத் தாண்டிப் பாலமாக இணைக்க வேண்டும். இணைப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். காயிலின் முனைக்கு முனை சுமார் 2 ஓம் காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் எங்கோ கோடு மெலிந்திருக்கிறது. சீப்பின் இரு முதுகுகளுக்கிடையே எதுவும் காட்டக் கூடாது. பாலம் போட்ட பிறகு இந்த இரண்டாவது சோதனையைச் செய்யவே முடியாது, காயில் வழியாக 2 ஓம்தான் வரும், ஷார்ட் இருந்தாலும் தெரியாது. ஷார்ட் இருந்தால் கூரிய பிளேடு நுனியால் இடைவெளியைக் கீறிச் சரிசெய்யலாம்.

பாலத்துக்குச் செம்பு டேப் வேண்டாம். அதன் பசை வழியே மின்சாரம் போவது நாளாக ஆக நம்பத்தகாதது. சுற்றுகளின் மேல் பாலிஇமைடு டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, 0.2 மி.மீ. எனாமல் கம்பியை மேலே படுத்தி இரு முனையும் சோல்டர் செய்யுங்கள். 300 டிகிரி, இரண்டு விநாடி. அதற்கு மேல் வைத்தால் செம்பு தாளைவிட்டு எழும்பும்.

பிறகு ஃப்ளக்ஸ், அதாவது சோல்டரோடு வரும் பிசின், அதைக் கழுவ வேண்டும். இதை ஒரு சடங்காக நினைத்துத் தாண்டிப்போகிறவர்கள்தான் பின்னால் காரணம் புரியாமல் தவிக்கிறார்கள். மிஞ்சும் ஃப்ளக்ஸ் தானே ஈரத்தை உறிஞ்சும், விரல்ரேகையில் இருக்கும் உப்பும் உறிஞ்சும். பூச்சே போடாத சீப்பு ஈரத்துக்கு ஆடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல்துலக்கும் பிரஷ்ஷும் வைத்து இருமுறை கழுவி, காய்ந்த பின் கையுறை போட்டே தொடுங்கள்.

பூச்சு

பாலிவினைல் ஆல்கஹால் தூள், 98–99 சதவீதம் நீராற்பகுத்த ரகம். 87–89 ரகம் எளிதில் கரையும் என்பதால் பலர் அதை வாங்குகிறார்கள். பாக்கெட்டின் உள்ளே ஒரு முறை நீர் கோத்தால் அந்தப் படலம் வழிந்துவிடும். 95 மில்லி குளிர்ந்த வடிநீரில் 5 கிராம் தூளைக் கலக்கிக்கொண்டே தூவுங்கள். வெந்நீரில் போட்டால் மாவு கட்டியாவதுபோல் வெளியே வழுவழுவென்று மூடி, உள்ளே உலர்ந்தே நிற்கும். பிறகு ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 90–95 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறுங்கள். தெளிந்ததும் மூடி, இரவு முழுதும் விட்டால் குமிழ்கள் மேலேறிப் போய்விடும்.

நேரடியாகச் செம்பின் மேல் பூசக் கூடாது. ஈரம் ஏறிய படலம் கொஞ்சம் மின்சாரத்தையும் கடத்தும்; விரலுக்கு விரல் கசிந்தால் ஒத்ததிர்வின் முகடு மழுங்கிவிடும். முதலில் சர்க்யூட்டுக்கு அடிக்கும் அக்ரிலிக் ஸ்ப்ரே, மெல்லிசாக இரண்டு முறை. தடித்துவிட்டால் படலம் புலத்தை விட்டு விலகி உணர்திறன் குறையும்.

சீப்பின் இரு ஓரமும் 60 மைக்ரான் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, நடுவில் கரைசலை விட்டுக் கண்ணாடிக் கம்பியால் ஒரே இழுப்பில் இழுங்கள். 120 மைக்ரான் ஈரப்படலம் காய்ந்தால் 5 மைக்ரான் அளவே மிஞ்சும். ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மூன்று பூச்சு. கடைசியாக 110 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் படலம் இறுகி, தண்ணீரில் கரைவது குறையும். வளைத்தால் வெடிக்காமலிருக்க கிளிசரின் சேர்க்கச் சொல்வார்கள். 15 மைக்ரான் படலத்துக்கு அது தேவையில்லை. கிளிசரின் தானே ஈரத்தை இழுக்கும், உணரியின் குணத்தையே மாற்றிவிடும்.

ஒப்பீட்டுச் சுற்றின் மேல் அக்ரிலிக்கோடு நிறுத்தி, பார்சல் ஒட்டும் பாலிபுரொப்பிலீன் டேப்பை முன்னும் பின்னும் குமிழில்லாமல் ஒட்டுங்கள். பாலிபுரொப்பிலீன் ஈரத்தை அனேகமாக உறிஞ்சுவதில்லை. பாலிஇமைடு அப்படியல்ல, எடையில் 2, 3 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும்.

படிப்பது

நானோவிஎன்ஏ இருந்தால் போதும்; பல அலைவெண்களை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து காட்டும் சிறு கருவி அது. 0.8 மி.மீ. எனாமல் கம்பியை 50 மி.மீ. விட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தக் கருவியில் மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரில் சோல்டர் செய்தால் அதுவே படிக்கும் காயில். முதலில் 10 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். 101 புள்ளிகள்தான் என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 200 கிலோஹெர்ட்ஸ். கூர்மையான முகடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். இடம் தெரிந்ததும் அகலத்தை 2 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து மறுபடி கருவிக்கு அளவுதிருத்தம் செய்யுங்கள். அப்போது அந்த இடைவெளி 20 கிலோஹெர்ட்ஸ்.

திரும்பி வரும் அலை குறையும் இடத்தில் தெரியும் பிரதிபலிப்புக் குழியைப் படிப்பதைவிட, திரையில் 'ரெசிஸ்டன்ஸ்' வரைகோட்டைத் தேர்ந்து அதன் முகட்டைப் படிப்பது மேல். இரண்டு காயிலுக்கும் இடைத்தூரம் மாறும்போது குழியின் இடம் நகரும், முகட்டின் உயரம் மாறினாலும் இடம் அனேகமாக நகராது.

அப்படியும் எண் ஆடும். இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். உணரியைக் கண்ணாடி பாட்டிலின் சுவரில் ஒட்டினால் கண்ணாடியின் மின்காப்புக் குணம் மின்தேக்கத்தைக் கூட்டி அலைவெண்ணை இறக்கும். ஈரம் ஏறியதுபோலவே தெரியும். பாக்கெட்டை உள்ளங்கையில் பிடித்தால் கையிலுள்ள தண்ணீரும் அதையே செய்யும். காயில் வளைந்தால் தூண்டம் குறைந்து அலைவெண் ஏறும். ஈரம் இறங்கியதுபோல் பொய் சொல்லும். முறுக்கு உணரியோடு ஒட்டி நிற்கிறதா, விலகியிருக்கிறதா என்பதும் எண்ணில் தெரியும். இவை எல்லாம் இரண்டு சுற்றையும் ஏறக்குறைய ஒரே அளவு பாதிக்கும். ஈரம் மட்டும்தான் பூசிய சுற்றைத் தனியே அதிகமாக நகர்த்தும். அதனால் நோட்டில் அலைவெண்ணை எழுதாதீர்கள். பூசிய சுற்றின் அலைவெண்ணை ஒப்பீட்டுச் சுற்றின் அலைவெண்ணால் வகுத்து, அந்த விகிதத்தை எழுதுங்கள். கூடவே உணரியின் இரு பக்கமும் 3 மி.மீ. நுரைத் தாள் வைத்து, பூச்சின் நேர்மேலே மட்டும் சன்னல் வெட்டிவிட்டால் பெரும் ஆட்டம் அடங்கும்.

வெள்ளிபோல் மின்னும் பாக்கெட்டில் இது வேலை செய்யாது. அந்த அலுமினியப் பூச்சு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அதில் சுழல் மின்னோட்டம் ஓடி, முகட்டைத் தட்டையாக்கிவிடும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பாக்கெட்தான் வேண்டும்.

வளைவுக்கு ஒரு கணக்கு: மேற்பரப்பு இழுபடும் அளவு = தடிமன் ÷ வளைவு ஆரத்தின் இரு மடங்கு. பூச்சோடு சேர்த்து 60 மைக்ரான் தாளை 20 மி.மீ. பிவிசி குழாயில் சுற்றினால் 0.3 சதவீதம்; செம்பு தாங்கும். மடித்து விரலால் நீவினால் ஆரம் மி.மீ.-இல் ஒரு பின்னமாகும், அந்த மடிப்பில் செம்பு அறும். பாக்கெட்டின் மடிப்புக் கோட்டில் காயிலை வைக்காதீர்கள்.

உப்புக் கரைசலில் அளவுதிருத்தம்

அகன்ற வாய் ஊறுகாய் பாட்டில் நான்கு. ஒன்றில் காயவைத்த சிலிக்கா ஜெல். மற்ற மூன்றில் தெவிட்டிய உப்புகள்: மெக்னீசியம் குளோரைடு 33, பொட்டாசியம் கார்பனேட் 43, மெக்னீசியம் நைட்ரேட் 53 சதவீதம். இவை 25 டிகிரிக்கான எண்கள். 30 டிகிரியில் முதலிரண்டும் அனேகமாக அப்படியே நிற்கும், கடைசியது 51-க்கு இறங்கும். உப்பு முழுதும் கரையக் கூடாது. ஈர மணல்போல, கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தண்ணீர் மேலே தேங்கி உப்பு அடியில் முழுகியிருந்தால் நிலைக்கு வர நாளாகும்.

75 சதவீதத்துக்கு உப்புப் போட்டுப் பார்ப்பவர்கள் ஆய்வகச் சோடியம் குளோரைடு வாங்குங்கள். கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்து நிற்பதற்குக் காரணமே அதுதான். அதில் 75 கிடைக்காது.

உணரியைப் பாட்டில் சுவரிலிருந்து 10 மி.மீ. தெர்மகோல் வைத்துத் தள்ளி நிறுத்துங்கள். மூடி திறக்காமல் வெளியிலிருந்தே படிக்கலாம். ஒவ்வொரு பாட்டிலிலும் 24 மணி நேரம், எப்போதும் வறண்டதிலிருந்து ஈரத்தை நோக்கி. திருப்பி இறக்கினால் அதே 43-இல் வேறு விகிதம் வரும். படலம் குடித்த தண்ணீரை அவ்வளவு எளிதில் விடாது. ஆய்வுக் கருவிக்கு இது பெரிய குறை. பாக்கெட்டுக்கோ ஈரம் ஏறுவது மட்டுமே சங்கதி, ஆகவே ஏறும் வரிசையில் மட்டும் திருத்தினால் போதும். உப்பு சுவரில் ஊர்ந்து ஏறும் பழக்கம் உடையது. தெர்மகோலைத் தொட்டுவிட்டால் அந்த உணரியைக் கழுவி முதலிலிருந்து தொடங்குங்கள்.

33-க்கும் 43-க்கும் இடையே விகிதம் மாறும் அளவு, அசையாமல் வைத்துப் பத்து முறை படித்தால் வரும் ஆட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு பூச்சு.

இதே பாட்டில்களில் உணரிக்குப் பதிலாக முறுக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். நாலைந்து நாளில் எடுத்து உடைத்தால் 33-இல் இருந்தது 'டக்'கென்று ஒடிந்து தூள் சிந்தும். மெத்தென்று வளைந்து, இழுத்துப் பிய்க்கும்படி ஆனது எந்தப் பாட்டிலில் என்று பாருங்கள். நீர்ச்செயல்பாடு 0.6-க்குக் கீழே பூஞ்சை வராது, பயமில்லாமல் காத்திருக்கலாம். அரிசி மாவின் பங்கு, எண்ணெய், கனம் எல்லாவற்றையும் பொறுத்து இந்தக் கோடு நகரும். தேன்குழலுக்கு வரைந்த கோட்டை அப்பளத்துக்கு வைக்காதீர்கள்.

பாக்கெட்டுக்குள்

செம்பு எண்ணெயில் பட்டால் காறலை விரைவுபடுத்தும். அதோடு எண்ணெய் படலத்தின் மேல் பரவினால் ஈரம் உள்ளே போவது தாமதமாகும். இரண்டுக்கும் சேர்த்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்குப் பயன்படும் காற்றுப்போகும் தாளில் உணரியை உறையிட்டு, நாலு ஓரமும் சீல் செய்து, பாக்கெட்டின் மேற்புறத்தில், தூள் தங்காத இடத்தில் நிறுத்துங்கள். உணரி இருந்த பாக்கெட்டின் பண்டத்தைத் தின்னக் கூடாது.

இரண்டு பாக்கெட். ஒன்று முழுச் சீல்; மற்றதில் சீல் கம்பிகளுக்கிடையே ஒரு முறுக்குத் துணுக்கு வேண்டுமென்றே மாட்டியது. இரண்டையும் சோடியம் குளோரைடு கரைசலோடு ஒரே பெரிய டப்பாவில் வைத்துக் காலை, மாலை விகிதத்தை எழுதுங்கள். முழுச் சீல் பாக்கெட்டும் மெல்ல ஏறத்தான் செய்யும், பிளாஸ்டிக் வழியே ஈரம் கசியும். பார்க்க வேண்டியது இரண்டு கோடுகளும் பிரியும் இடம். தொடக்கத்தில் இரண்டும் வெகுநேரம் அசையாமல் இருந்தால் உணரி பழுது என்று நினைக்க வேண்டாம். உள்ளே வரும் ஈரத்தை முதலில் முறுக்கு குடிக்கிறது. அது போதுமான அளவு குடித்த பிறகே காற்றில் ஏறும்.

எடுத்த உணரியைத் திரும்பச் சிலிக்கா ஜெல் பாட்டிலில் இரண்டு நாள் வையுங்கள். விகிதம் பழைய வறண்ட எண்ணுக்குத் திரும்பினால் மீண்டும் பயன்படுத்தலாம். திரும்பாவிட்டால், உறையைப் பிரித்துப் படலத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வானவில்போல் நிறம் தெரிந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. வெள்ளைக் கோடு தெரிந்தால் வளைவில் வெடித்திருக்கிறது. முதலாவதற்கு உறைத்தாளை இரண்டு அடுக்காக்குங்கள், இரண்டாவதற்குப் பூச்சு மூன்றிலிருந்து இரண்டாகட்டும்.